அலைகடல்மேல் இறங்கும் விமானம்

நடுக்கடலிற் செல்லும் கலத்தின் பாய்மரத்திலிருந்து எழுந்த பறவை, நாற்புறமும் பறந்து திரிந்து, கரை காணாமல் மீண்டும் அப்பாய்மரத்தையே வந்தடையும். வேறு புகல் இல்லாத நிலையைக் குறிக்க இவ்வுவமையை நம் முன்னோர் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். இன்று அப்பறவையின் நிலையில் மனிதனே இருக்கக் காண்கிறோம். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்து செல்லும் விமானி, தன் கடமை முடிந்ததும் அக்கப்பலுக்கே திரும்ப வேண்டும். பறவைக்குச் சிறகை மடக்கிக் காலூன்ற ஒரு மரக்கொம்பு போதும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து வரும், பல டன் எடையுள்ள ஜெட் விமானத்துக்கு அது போதுமா?

நிலத்தில் அமைந்த விமான நிலையத்தில் ஓடுதளம் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் நீளம் உடையது. அது அசையாது, சாயாது, எப்பொழுதும் ஒரே திசையை நோக்கிக் கிடக்கும். கப்பலின் நிலை வேறு. உலகின் மிகப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களிலும், விமானம் இறங்குவதற்கென விடப்பட்ட இடம் 250 மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். அவ்விடமும் ஓரிடத்தில் நில்லாமல் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். அலை எழும்போது அதன் பின்புறம் உயரும். அலை தாழும்போது அதுவும் தாழும். இரவிலோ, வானும் கடலும் ஒரே கருமையாகி, இரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக் கோடே தெரியாமற் போகும். இத்தகைய இடத்தில் விமானத்தை இறக்குவது எவ்வாறு? இக்கேள்விக்குத் தக்க விடை காண மனிதன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்றான். அம்முயற்சியின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1910ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள், அமெரிக்க விமானி யூஜீன் ஈலி என்பவர், ‘பர்மிங்ஹாம்’ என்னும் போர்க்கப்பலின் முகப்பில் அமைத்த மரமேடையிலிருந்து விமானத்தைக் கிளப்பிச் சென்றார். கப்பலிலிருந்து எழுவது கைகூடிற்று; இறங்குவது எஞ்சி நின்றது. 1911 ஜனவரி 18ஆம் நாள் அவரே அதனையும் செய்து காட்டினார். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற ‘பென்சில்வேனியா’ என்னும் கப்பலின் பின்புறத்தில் ஒரு மேடை கட்டப்பட்டது. அதன் குறுக்கே 22 கயிறுகளை வரிசையாக இட்டு, ஒவ்வொரு கயிற்றின் இருமுனையிலும் மணல்மூட்டையைப் பிணைத்தனர். விமானத்தின் அடியில் கொக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. கடலில் விழ நேர்ந்தால் மிதப்பதற்காக, ஈலி சைக்கிள் சக்கரத்தின் ரப்பர்க் குழாய்களை உடலிற் சுற்றிக்கொண்டு வந்தார். மேடையை அடைந்ததும் கொக்கிகள் கயிறுகளைப் பற்றின. மூட்டைகளின் பளு விமானத்தை இழுத்து நிறுத்திற்று. ஓடும் மாட்டின் கழுத்திற் கட்டை கட்டி அதன் வேகத்தைக் குறைக்கும் உழவரின் முறையை இது ஒத்ததன்றோ? மணல்மூட்டைகள் பின்னர் மறைந்தன. ஆயினும் குறுக்கு வடம், அதனைப் பற்றும் கொக்கி என்னும் இரண்டும் இன்றுவரை மாறவில்லை.

ஈலி இறங்கிய கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஓடும் கப்பலில் முதன்முதலாக இறங்கியவர் இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த எட்வின் டன்னிங் என்னும் இளம் வீரர். 1917 ஆகஸ்டு 2ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஸ்கேப்பா புளோவில், ‘பியூரியஸ்’ என்னும் கப்பல் எதிர்க்காற்றை நோக்கி விரைந்து சென்றது. கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து, மெல்லப் பறக்கும் அக்காலத்துச் சிறு விமானத்தின் வேகத்தை ஏறக்குறைய ஈடுகட்டின. ஆகவே, கப்பலில் நின்றோர் கண்ணுக்கு விமானம் தலைக்கு மேல் தயங்கி நிற்பது போலவே தோன்றியது. அவர்கள் ஓடிச்சென்று அதில் தொங்கிய வார்களைக் கையாற் பற்றி இழுத்து இறக்கினர். ஆனால், ஐந்து நாட்களுக்குப் பின் அவர் மீண்டும் அவ்வாறு இறங்க முயன்றபோது, சரியாக அமையாதது கண்டு மறுபடி மேலெழ முனைந்தார். விமானம் மேலெழவில்லை; கப்பலின் பக்கவாட்டிற் கடலில் வீழ்ந்தது. டன்னிங் உயிர் நீத்தார். இறங்குவது தவறினால் மீண்டும் எழுந்து செல்ல வழி வேண்டும் என்னும் பாடத்தை அவருடைய முடிவு உணர்த்திற்று. ஆயினும் அவ்வழியைக் காண மேலும் 34 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில், முழு நீளமும் தட்டையான தளமுடைய கப்பல்கள் தோன்றின. தளத்தின் பின்பகுதியில் எஃகு வடங்கள் குறுக்கே இடப்பட்டன. விமானத்தின் வாற்புறத்தில் தொங்கும் கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்ற வேண்டும். தளத்தின் முன்பகுதியிலோ, முன்னரே இறங்கிய விமானங்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருக்கும். கொக்கி வடத்தைப் பற்றத் தவறினால், வரும் விமானம் அவற்றின்மீது மோதிவிடும். அதனைத் தடுக்க, நடுவே வடங்களால் ஆன தடுப்பு வேலி ஒன்றை எழுப்பினர். சைகை அலுவலர் ஒருவர் தளத்தின் ஓரத்தில் நின்று, இரு கைகளிலும் மட்டைகளை ஏந்தி, “உயர்க”, “தாழ்க”, “திரும்பிச் செல்க” எனச் சைகை காட்டுவார். எஞ்சினின் விசையைத் தணிக்குமாறு அவர் குறி காட்டியதும், விமானி அதனைத் தணித்துத் தளத்தில் இறங்குவார். அதன்பின் அவருக்கு வேறு வழியில்லை. வடம் தடுக்கும், வடம் தவறினால் வேலி தடுக்கும். விசிறி பூட்டிய விமானங்கள் வேலியில் மோதினால் விசிறி நொறுங்கும். விமானி பெரும்பாலும் பிழைத்துக் கொள்வார். இரண்டாம் உலகப்போர் முழுவதும் இம்முறையே வழக்கில் இருந்தது.

பின்னர் ஜெட் விமானம் வந்தது. 1945 டிசம்பர் 3ஆம் நாள், எரிக் பிரௌன் என்னும் பிரிட்டிஷ் விமானி ‘ஓஷன்’ என்னும் கப்பலில் ‘வாம்பயர்’ வகை ஜெட் விமானத்தை இறக்கினார். கப்பலில் இறங்கிய முதல் ஜெட் விமானம் இதுவே. தம் வாழ்நாளில் 2,407 முறை கப்பல்களில் இறங்கிய பெருந்திறலாளர் அவர். அவரால் இயன்றது எல்லா விமானிகளாலும் நாள்தோறும் இயலுமா என்பதே கேள்வியாயிற்று.

ஜெட் விமானத்தால் விளைந்த இடர்கள் மூன்று. முதலாவது, அதன் வேகம். மட்டையைக் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, கையை அசைப்பதற்குள் விமானம் கப்பலை நெருங்கிவிடும். இரண்டாவது, தொடக்கக்கால ஜெட் எஞ்சின்களின் மந்தம். பிடியை முன்னே தள்ளியதும் விசிறி விமானம் துள்ளி எழும். ஜெட் எஞ்சினோ முழு ஆற்றலைப் பெறச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். தரைக்கு அருகில் அந்தச் சில நொடிகளே உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்டவை. மூன்றாவது, முகப்பில் விசிறி இல்லாமை. தடுப்பு வேலியின் வடம் ஜெட் விமானத்தின் கூரிய முகப்பின்மேல் வழுக்கி ஏறி, விமானி அமர்ந்திருக்கும் அறையையே தாக்கக்கூடும். காக்க வந்த வேலியே பகையாயிற்று.

1951 செப்டம்பர் 16ஆம் நாள், கொரியப் போரில் ஈடுபட்டிருந்த ‘எஸ்ஸெக்ஸ்’ என்னும் அமெரிக்கக் கப்பலில், வானில் மோதிச் சிதைவுற்ற ஜெட் விமானம் ஒன்று இறங்க வந்தது. அது தடுப்புகளைக் கடந்து, தளத்தின் முன்பகுதியில் நின்ற விமானங்களின்மேல் பாய்ந்தது. தீயும் வெடிப்பும் எழுந்தன. கப்பலோர் பலர் உயிரிழந்தனர். இவ்வாறு, இறங்குவோர் உயிரேயன்றித் தளத்திற் பணிபுரிவோர் உயிரும் ஒரு கொக்கியின் நுனியில் தொங்கலாயிற்று.

இவ்விடரை நீக்க அறிஞர் பல வழிகளை ஆராய்ந்தனர். வேலியை உயர்த்தினர், வடத்துக்கு மாற்றாக நைலான் பட்டைகளை அமைத்தனர். சக்கரமே இல்லாத ஜெட் விமானத்தை ரப்பர் மெத்தையின்மேல் வயிறுபட இறக்கலாம் என்றும் எண்ணினர். 1948இல் எரிக் பிரௌன் ‘வாரியர்’ என்னும் கப்பலில் அதனையும் செய்து காட்டினார். ஆனால், மெத்தையிற் கிடக்கும் விமானத்தைத் தூக்கி அப்புறப்படுத்தினால் அன்றி அடுத்தது இறங்க இயலாது. மேலும், இவ்வழிகள் எல்லாம் ஒரே எண்ணத்தைப் பற்றி நின்றன: வந்த விமானத்தை எவ்வாறேனும் தடுத்து நிறுத்திவிட வேண்டும் என்பதே அது.

1951 ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்துக் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான டென்னிஸ் கேம்பெல் இவ்வெண்ணத்தையே மாற்றினார். ரப்பர்த் தளத்தைப் பற்றி ஆராய வேண்டிய வேளையில் அவருக்கு எளிய வழி ஒன்று தோன்றியது. விமானம் இறங்கும் பாதை கப்பலின் நடுக்கோட்டின் வழியே செல்ல வேண்டும் என்று யார் விதித்தார்? அப்பாதையைச் சில பாகை இடப்புறமாகத் திருப்பிவிட்டால், அதன் முன்னே இருப்பது நிறுத்தி வைத்த விமானங்கள் அல்ல, வெட்டவெளியாகிய கடலே. வடத்தைப் பற்றத் தவறிய விமானம் எதன்மீதும் மோதாது நேரே பறந்து சென்று, வட்டமிட்டு, மீண்டும் வரலாம். லூயிஸ் பாடிங்டன் என்னும் பொறியியல் அறிஞர் அவருடன் சேர்ந்து இக்கருத்தை உருவாக்கினார். ‘முதற் கோணல் முற்றுங் கோணல்’ என்பது பழமொழி. ஈண்டோ கோணலே காவலாயிற்று.

இதனைச் சோதிக்கப் பெரும்பொருள் செலவாகவில்லை. 1952இல் ‘ட்ரையம்ப்’ என்னும் கப்பலின் தளத்தில், சாய்வான திசையில் வண்ணக் கோடுகள் தீட்டப்பட்டன. வடங்கள் பழைய திசையிலேயே இருந்தமையால், விமானங்கள் தளத்தைத் தொட்டு உடனே மேலெழுந்து சென்றன. கருத்து நன்கு பொருந்துவது தெளிவாயிற்று. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கர் ‘ஆன்டீட்டம்’ என்னும் கப்பலின் தளத்தையே சாய்வாக விரித்துக் கட்டினர். பின்னர், ஜெட் விமானங்களை வடத்தால் தடுத்து இறக்கும் பெருங்கப்பல்கள் யாவும் இவ்வமைப்பையே மேற்கொண்டன.

வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத மட்டைக்கும் மாற்று ஒன்று வேண்டியிருந்தது. அதனைக் கண்டவர் இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த நிக்கலஸ் குட்ஹார்ட். அவர் அலுவலகப் பெண்மணி ஒருவரிடம் சிறு முகக் கண்ணாடியும் உதட்டுச்சாயமும் வாங்கினார். சாயத்தால் கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதனை மேசைமேல் நிறுத்தி, எதிரே ஒரு கைவிளக்கை வைத்தார். விளக்கின் உருவம் கோட்டின்மீதே இருக்குமாறு நோக்கிக்கொண்டு நடந்து வரும்படி அப்பெண்மணியை வேண்டினார். அவர் நெருங்க நெருங்கக் குனிந்து, இறுதியில் அவருடைய முகவாய் மேசையைத் தொட்டது. விமானம் இறங்க வேண்டிய சாய்வுப் பாதையும் இதுவேயன்றோ? இவ்வாறு தோன்றியதே ஆடி முறை. கப்பலின் ஓரத்தில் பெரிய குழியாடி ஒன்றை நிறுத்தி, அதன் இருபுறமும் பச்சை விளக்குகளை வரிசையாக வைத்தனர். ஆடியில் தெரியும் ஒளிப்பந்து பச்சை வரிசைக்கு மேலே தோன்றினால் விமானம் மிக உயரத்தில் உள்ளது. கீழே தோன்றினால் மிகத் தாழ்ந்துள்ளது. கப்பல் ஆடினும் ஒளி ஆடாதவாறு தக்க கருவிகளும் பொருத்தப்பட்டன. பிற்காலத்தில் ஆடியின் இடத்தைப் பிரெனெல் வில்லைகள் பெற்றன. மிகத் தாழ்ந்து வரும் விமானிக்கு அவற்றில் செந்நிற ஒளி தோன்றி அச்சுறுத்தும்.

இனி, இக்காலத்தில் ஜெட் விமானம் ஒன்று இறங்கும் முறையைக் காண்போம். கப்பல் காற்றை எதிர்த்துச் செல்கிறது. விமானம் அதன் அருகே பறந்து, இடப்புறமாக வட்டமிட்டு, சக்கரங்களையும் வாற்கொக்கியையும் இறக்கிக்கொண்டு, கப்பலின் பின்னே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் நேராகிறது. இன்னும் பதினைந்து நொடிகளே எஞ்சியுள்ளன. அதற்குள் விமானி ஒளிப்பந்தையும், பாதையின் நடுக்கோட்டையும், விமானத்தின் வேகநிலையையும் மாறி மாறி நோக்க வேண்டும். பாதை சாய்வாக இருப்பதால், கப்பல் முன்னேறும்தோறும் அது வலப்புறமாக விலகிக்கொண்டே செல்லும். விமானியும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டே வருதல் வேண்டும். நிலத்தில் இறங்குவது போல் விமானத்தின் முகப்பை உயர்த்தி மெல்லத் தரை தொடுவதற்கு இங்கே இடமில்லை. இறங்கும் சாய்வு மாறாமல் வந்து, தளத்தில் ‘தட்’டென்று மோதியே இறங்க வேண்டும்.

தளத்தில் மூன்று அல்லது நான்கு எஃகு வடங்கள் உள்ளன. அவற்றின் முனைகள் தளத்தின் கீழே உள்ள பெரிய எந்திரங்களோடு இணைக்கப்பட்டவை. கொக்கி பற்றியதும் வடம் இழுபடும். பல கப்பல்களில், அவ்விழுவை உருளைக்குள் உள்ள நீர்மத்தைச் சிறிய துளை வழியே அழுத்தித் தள்ளும். அத்தடையால் விமானம் இரண்டு மூன்று நொடிகளில், ஏறக்குறைய 100 மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடும். வரும் விமானத்தின் எடைக்கேற்ப இவ்வெந்திரத்தை ஒவ்வொரு முறையும் அமைத்தல் வேண்டும். தடை மிகுந்தால் விமானம் சிதையும். குறைந்தால் அது நில்லாமற் கடலில் விழும். விமானி காணாத அறையில், பெயர் வெளித்தோன்றாது பணிபுரியும் எளிய வீரர் ஒருவரின் கவனத்திலும் அவருடைய உயிர் அடங்கியுள்ளது.

சக்கரங்கள் தளத்தைத் தொட்ட அந்நொடியில் விமானி என்ன செய்கிறார்? எஞ்சினை நிறுத்துகிறார் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. அவர் விசைப்பிடியை முழுவதும் முன்னே தள்ளி எஞ்சினை முழு ஆற்றலில் முழங்கச் செய்கிறார். கொக்கி வடத்தைப் பற்றியிருந்தால், அம்முழு ஆற்றலையும் மீறி வடம் விமானத்தை நிறுத்திவிடும். பற்றவில்லையாயின், விமானம் சற்றும் தளராது சாய்தளத்தின் வழியே ஓடி மீண்டும் வானில் எழும். பற்றியதா, இல்லையா என்று அறிந்தபின் எஞ்சினை முடுக்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 2016 மார்ச் 18ஆம் நாள், ‘ஐசனோவர்’ என்னும் அமெரிக்கக் கப்பலில், விமானம் ஒன்றைப் பற்றிய வடம் அறுந்தது. தளத்தில் நின்ற எண்மர் காயமுற்றனர். விமானம் தளத்தின் விளிம்பைக் கடந்து கீழே தாழ்ந்தது. எனினும், நீரைத் தொடாமல் மேலெழுந்து பறந்து, நிலத்திற் பத்திரமாக இறங்கிற்று. அது விசிறி விமானமே ஆயினும், அதற்கும் விதி ஒன்றே.

அமெரிக்கக் கடற்படையில் ஒவ்வொரு முறை இறங்குவதற்கும் மதிப்பெண் உண்டு. பதவியில் உயர்ந்தவர், இளையவர் என்னும் வேறுபாடின்றி, அம்மதிப்பெண்கள் யாவரும் காணும் பலகையில் குறிக்கப்படும். அதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெரும் பிழைகளோடு வந்து எவ்வாறோ வடத்தைப் பற்றியவருக்கு இரண்டு மதிப்பெண்ணே கிடைக்கும். வடம் தவறி முறையாக மீண்டும் எழுந்தவருக்கோ இரண்டரை. வந்து சேர்ந்தாரா என்பதைவிட, எவ்வாறு வந்தார் என்பதே பெரிதெனக் கொள்ளப்படுகிறது. சைகை அலுவலர் இன்றும் தளத்தின் இடப்புற ஓரத்தில் நின்று நோக்குகிறார். விமானம் சரியாக வரவில்லை என்று அவர் கருதினால் சிவப்பு விளக்குகள் மின்னும். எத்தனை ஆற்றல் மிக்க விமானியும் அக்கணமே இறங்குவதைக் கைவிட்டு மேலெழுதல் வேண்டும், எதிர்வாதத்துக்கு இடமில்லை.

இக்கலையில் நம் நாடும் தனக்கென ஓர் இடம் பெற்றுள்ளது. 1961 மார்ச் 4ஆம் நாள் இந்தியக் கடற்படையிற் சேர்ந்த ‘விக்ராந்த்’ கப்பல், தொடக்கத்திலேயே சாய்தளமும் ஆடியும் உடையதாக இருந்தது. அவ்வாண்டு மே 18ஆம் நாள், தஹிலியானி என்னும் இளம் அதிகாரி ‘சீ ஹாக்’ என்னும் ஜெட் விமானத்தை முதன்முதலாக அதில் இறக்கினார். அவரே பிற்காலத்தில் நம் கடற்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். 1971ஆம் ஆண்டுப் போரில் விக்ராந்தின் விமானங்கள் வங்கக் கடலிலிருந்து எழுந்து சென்று கடமையாற்றித் திரும்பின. அக்கப்பல் 1997இல் ஓய்வு பெற்றது. 2020 ஜனவரி 11ஆம் நாள், நம் நாட்டிலேயே வடிவமைத்த ‘தேஜஸ்’ விமானத்தின் கடற்படை வகை, ‘விக்ரமாதித்யா’ கப்பலின் வடத்தைப் பற்றி இறங்கியது. 2022 செப்டம்பர் 2ஆம் நாள், கொச்சியிற் கட்டிய புதிய விக்ராந்த் கடற்படையிற் சேர்ந்தது. 2023 பிப்ரவரித் திங்களில் அதன் தளத்திலும் தேஜஸ் இறங்கியது. நம்மவர் வடிவமைத்த விமானம், நம்மவர் கட்டிய கப்பலில் இறங்கியது நாம் மகிழத்தக்க நிகழ்ச்சியாகும்.

2013 ஜூலை 10ஆம் நாள், விமானியே இல்லாத ஜெட் விமானம் ஒன்று அமெரிக்கக் கப்பலில் இருமுறை தானே இறங்கியது. அடுத்த முறை வரும்போது, தன் கருவிகளுள் ஒன்றில் கோளாறு இருப்பதை அதுவே உணர்ந்து, இறங்காமல் விலகிக் கரையிலுள்ள விமான நிலையத்தைச் சென்றடைந்தது. எந்திரத்துக்கும் மனிதன் கற்பித்தது இறங்கும் திறனை மட்டுமன்று. தகாத வேளையில் இறங்காதிருக்கும் அறிவையும் கற்பித்தான்.

தவறே நேராத முறையை மனிதன் தேடிய காலமெல்லாம் தளத்தில் உயிர்கள் மாய்ந்தன. தவறு நேரக்கூடும் என ஒப்புக்கொண்டு, அதற்குப்பின் எழுந்து செல்ல வழியைத் திறந்துவிட்டபோதே விமானிகள் பலர் பிழைத்தனர். அவ்வழியைத் திறந்தது பெரிய எந்திரம் ஒன்றுமன்று. தளத்தின் மேல் சற்றே சாய்த்து வரைந்த ஒரு கோடு. வடம் பற்றும் என்னும் நம்பிக்கையோடு இறங்கி, பற்றாமற் போயின் எழுந்து செல்ல ஆயத்தமாகவும் இருக்கும் விமானியின் கை, செயலாற்ற விழையும் எவர்க்கும் நல்லதோர் ஆசானாகும்.